ஆமென் சொல்லாத வீடு

1

நம் சபைப் பத்திரிகைக்கு அமெரிக்காவைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று குருவானவர் போனில் கேட்டார். பெரிய கடை, அகலமான ரோடு, மனுஷர் நடக்காத தெரு என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனவள். வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும்தான் என்னை வாசிக்க வைத்தன. என் கை மெதுவாகத்தான் ஓடும். ஆகவே எனக்குக் கோபம் வந்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன். கோபம் இருந்தால் கை சோர்வதில்லை.

என் வீட்டுக்காரருடைய நினைவு நாள் வந்து போயிற்று. நம் பக்கத்தில் நினைவு நாள் ஜெபம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தை மேஜையில் வைப்போம். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம், பிறகு வந்தவர்களுக்கு இட்லியும் காப்பியும். ஜெபத்தை முடிக்கும்போது இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் என்று சொல்லி ஆமென் சொல்வோம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, மூச்சு விடுவதுபோல வரும்.

என் மகன் சரியாக அந்த இடத்துக்கு வந்து நிறுத்திவிட்டான். அவன் தகப்பன் படத்துக்கு முன்னால்.

2

என் மகன் செல்வினை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் கோயில் பாடகர் குழுவில் வெள்ளை அங்கி போட்டு நின்றவன். இப்போது டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறான். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடுமாம். அதைச் சரிசெய்கிற வேலை. மருமகள் ஹெலன் ஒரு பாங்கில் இருக்கிறாள். பேத்தி ஷரனுக்குப் பதின்மூன்று நடக்கிறது. தமிழில் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லுகிற ஜாதி.

இங்கே தமிழ்ச் சபை இல்லாமல் இல்லை. ஞாயிறு மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் கோயிலை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறார்கள். ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். காரோட்டத் தெரியாதவளுக்கு அமெரிக்காவில் சபை கிடையாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வருவதற்கு முன்பே செல்வின் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டான். சனிக்கிழமைக்காரர்களோடு சேர்ந்திருந்தான். இவர்கள் யூதர்கள் அல்ல. இயேசுவை மேசியா என்று நம்புகிறவர்கள்தான். ஆனால் மோசே கொடுத்த நியாயப்பிரமாணத்தை நாமும் கைக்கொள்ள வேண்டும் என்பார்கள். பன்றி ஆகாது. கிறிஸ்துமஸ் ஆகாது. பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் உண்டு. ஆண்கள் இடுப்பில் நூல் தொங்கல் கட்டிக்கொள்கிறார்கள். ஆண்டவரை யேஷுவா என்பார்கள். சனிக்கிழமைதோறும் எங்கள் ஹாலில்தான் கூட்டம். வாரன் என்கிற தாடி வைத்த வெள்ளைக்காரர் தலைவர்.

நியாயமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வருத்தம் இல்லை. பன்றி எங்கள் வீட்டில் எப்போதும் ஏறினதில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஹெலன் தலையில் துணி போட்டு விளக்கேற்றுவது நம் கோயிலில் பெண்கள் முக்காடு போடுகிற மாதிரியே இருந்தது. சனிக்கிழமை முழுவதும் செல்வின் கம்ப்யூட்டரைத் தொடமாட்டான். மகன் முகத்தை ஒரு நாள் முழுக்கப் பார்க்கக் கிடைத்ததே என்று நான் ஸ்தோத்திரம் சொன்னதும் உண்டு.

3

பிறகு சுந்தர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

சுந்தர் பொள்ளாச்சிப் பக்கம். காப்பெல் என்ற பக்கத்து ஊரில் இருந்து குடும்பத்தோடு வருவார். கெட்ட மனுஷர் இல்லை. வரும்போதெல்லாம் தன் வீட்டுச் செடியில் கறிவேப்பிலை ஒடித்து எனக்கென்று கொண்டுவருவார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, தானாகவே வேதம் வாசித்து, வீட்டாரைப் பகைத்துக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தவர். அவர்தான் ஒரு சனிக்கிழமை, மேசியா அனுப்பப்பட்டவர் சரி, அவர் கடவுள் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாரனோ, இருக்கிறது என்றார். அன்றைக்குத் தொடங்கியது.

செல்வின் கம்ப்யூட்டர் போன் லைனைப் பிடித்துக் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறகு பிரிண்டர் ஓடும். உலகத்தில் எவன் எவனோ எழுதினதை எல்லாம் காகிதத்தில் எடுத்து, மஞ்சள் மை பூசி, சனிக்கிழமைக்கு வைத்திருப்பான். வாரன் எபிரெய வார்த்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். சுந்தர் வேறொரு எபிரெய வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். இரண்டு பேருக்கும் எபிரெயு தாய்ப்பாஷை இல்லை.

ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது நான் சுந்தரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, ஆண்டவர் செத்து உயிரோட எழும்பினப்பறம் சீஷன் தோமா தொட்டுப் பாத்துட்டு என்ன சொன்னான்? ஆண்டவரே, கடவுளேன்னுதான சொன்னான்? அவரு அவனை அதட்டலயே?"

"அது ஆச்சரியத்துல சொன்னதுன்னு சில பேர் சொல்றாங்கம்மா."

"ஆச்சரியத்துல சொல்லுதவன் தெருவுல சொல்லுவான். அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுவானா?"

"சரீங்கம்மா. ஆனா அவரு ராத்திரி பூரா மலையில போயி ஜெபம் பண்ணுனாருங்களே? யாருகிட்டங்க பண்ணுனாரு? கடவுளு கடவுளுகிட்டயே கேப்பாருங்களா?"

"பெத்த அப்பன்கிட்ட பிள்ளை பேசாதா? உம்ம மகன் உம்மகிட்டப் பேசுதான், அதனால அவன் வேற ஜாதியா ஆயிருவானா?"

சுந்தர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் எங்க வீட்டு சாமி அத்தனையும் உட்டுட்டு, ஒரே சாமின்னு வந்தவனுங்கம்மா. எங்கம்மா சாகுற வரைக்கும் என்ற கையில தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. இங்க வந்தா பிதா, சுதன், ஆவின்னு நீங்க மூணுங்கறீங்க. எனக்கு நெஞ்சு ஒப்பலீங்க."

"மூணுன்னு யாரு சொன்னா? எண்ணிப் பாக்க அவரு என்ன தேங்காயா?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனாலும் அந்த மனுஷர் சொன்னது என் மனதில் தைத்தது. அவர் ஒரு விலை கொடுத்து வந்தவர், அவருக்குக் கேட்கப் பாத்தியதை உண்டு. என் மகன் என்ன விலை கொடுத்தான்? தொட்டிலில் கிடைத்த ஆண்டவரைப் பிரிண்டர் காகிதத்தில் வைத்து எடைபோடுகிறான்.

அடுத்து பவுல் அப்போஸ்தலருக்கு வந்தார்கள். மோசே எழுதினது கட்டளையாம். பவுல் எழுதினது வெறும் கடிதமாம். கடிதத்துக்குக் கட்டளையின் அதிகாரம் கிடையாதாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் கல்யாணத்தில் வாசித்தது பவுல் எழுதினது. என் வீட்டுக்காரரைக் குழியில் இறக்கும்போது, எக்காளம் தொனிக்கும், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று குருவானவர் வாசித்ததும் பவுல் எழுதினதுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கல்லறையை விட்டுத் திரும்பி வீட்டுக்கு நடந்தேன். அது வெறும் கடிதம் என்றால் அவரை நான் எதை நம்பி மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தேன்?

ஷரன் சோபாவில் படுத்துக்கொண்டு, "ஆச்சி, தே ஆர் ஜஸ்ட் டிஸ்கஸிங்" என்றாள்.

"நீ என்னட்டி நினைக்க?"

"மீ? டெல் மி வென் தே டிசைட்."

இவர்கள் முடிவு பண்ணினபிறகு அவளுக்குச் சொல்ல வேண்டுமாம். ஹாலில் இருந்த யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கடையில் ஒருத்தி முட்டைப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். போட்டவுடன் "ஜீசஸ்" என்று கத்தினாள். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். ஹெலன் என் கையைப் பிடித்து இழுத்து, "அத்தை, அது ஜெபம் இல்ல, திட்டுறது" என்றாள். இந்த ஊரில் முட்டை உடைந்தால் அவர் பேரைச் சொல்லலாம். என் மகன் வீட்டில் ஜெபத்தை முடிக்கச் சொல்லக் கூடாது.

4

பஸ்கா வாரம் வந்தது. ஏழு நாள் வீட்டில் புளிப்பு இருக்கக் கூடாது. ஹெலன் ரொட்டி, பிஸ்கெட், கேக் மாவு எல்லாவற்றையும் பெரிய பையில் கட்டி வெளியே வைத்தாள். அலமாரிகளைத் துடைத்தாள். சோபா இடுக்கில் கிடந்த பிஸ்கெட் தூளை மெஷினால் உறிஞ்சினாள். பாங்க் வேலைக்கும் போய்விட்டு வந்து இவ்வளவும் செய்தாள் பாவம்.

அந்த வாரத்துச் சனிக்கிழமைதான் நினைவு நாள். கூட்டத்தோடேயே ஜெபத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று செல்வின் சொல்லியிருந்தான். நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஆட்டி, பெரிய பாத்திரத்தில் கரைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்தேன். டெக்சாஸ் வெயிலுக்கு மாவு நன்றாகப் பொங்கும். நாலு மணிக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

சாயந்தரம் ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன் பாட்டுத் தாள் கொடுக்க வாரனும் சுந்தரும் வந்தார்கள். அடுக்களையில் வாசம் அடித்தது. செல்வின் மூடியைத் திறந்து பார்த்தான். முகம் மாறியது.

"அம்மா, இது புளிச்சிருக்கே!"

"புளிக்காம இட்லி எப்படில வரும்? கல்லு மாதிரில்லா வரும்."

பிறகு நடந்ததை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். படித்த மூன்று ஆண்கள் என் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி நின்றார்கள். கோதுமை, பார்லி மாதிரி ஐந்து தானியம்தான் புளிப்புக் கணக்கில் சேரும், அரிசி சேராது என்று வாரன் சொன்னார். ஹெலன் எனக்குத் தமிழில் சொன்னாள். சுந்தர் விடவில்லை.

"அஞ்சு தானியம்னு சொன்னது யூத குருமாருங்க. வேதத்துல எங்க இருக்குதுங்க? புளிச்சது புளிச்சதுதானுங்க."

நான் கேட்டேன், "வேதத்துல மட்டும்தான் பாக்கணும்னா உளுந்து எந்த அதிகாரத்துல இருக்கு? எடுத்து வாசியும்."

சுந்தர் உண்மையாகவே யோசித்தார். செல்வின் கம்ப்யூட்டருக்குப் போனான். கீச்சுக் கீச்சு. வேதம் ஒன்றே போதும் என்று சொன்ன வாய்கள், வேதத்தில் இல்லாத உளுந்துக்குத் தீர்ப்புக் கேட்டு ஊர் பேர் தெரியாதவனுக்கு இ-மெயில் எழுதிக்கொண்டிருந்தன. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டால் ஓய்வுநாள், ஒன்றும் செய்யக் கூடாது. பதில் வரவில்லை.

செல்வின் என்னிடம் வந்து, "சந்தேகத்துக்கு வேண்டாம்மா" என்றான். பாத்திரத்தைத் தூக்கிச் சாய்த்தான். இங்கே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் அரைக்கிற மெஷின் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கினான். அது என் மாவைக் கர்ரென்று விழுங்கியது. உயிரோடு பொங்கிக்கொண்டிருந்த மாவு.

"அப்பா இட்லி இல்லாம எந்திரிச்சு வரமாட்டாருன்னு இல்லம்மா" என்று சமாதானமாகச் சிரித்தான்.

"அவரு எந்திரிச்சு வருவாருங்கதே நீங்க சந்தேகத்துக்கு வேண்டாம்னு தள்ளி வச்ச கடிதத்துலதாம்ல இருக்கு" என்றேன். அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

5

சனிக்கிழமை பத்துக் குடும்பம் போல வந்தார்கள். மேஜையில் படத்தை வைத்து, ஹெலன் கடையில் வாங்கின வெள்ளைப் பூவை வைத்தாள். நான் பாட்டைத் தனியாகத்தான் பாடினேன். செல்வினுக்குத் தெரியாத பாட்டு இல்லை. இரண்டாம் சரணத்தில் ஆண்டவர் பேர் வரும். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளம் மட்டும் போட்டான்.

வேதபாகம் வந்தது. அடக்கத்தன்று வாசித்ததையே வாசி என்றேன். செல்வின் சுந்தரைப் பார்த்தான். வாரனைப் பார்த்தான்.

சுந்தர் மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மா, ஒரு சங்கீதம் வாசிக்கலாமுங்களே. எல்லாருக்கும் பொதுவா இருக்குமுங்க."

"பொதுவா வாசிக்க இது என்ன பஸ் ஸ்டாண்டா? செத்தது என் வீட்டுக்காரரு" என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே எடுத்தேன்.

என் வாசிப்பு உங்களுக்குத் தெரியும். விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்துவேன். நீளமான அதிகாரம். நான் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தையையும் விடவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் அது எந்த அதிகாரம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வசனம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, "ஜெபம் பண்ணுல" என்றேன்.

செல்வின் நல்ல ஜெபம் பண்ணினான். இதையும் நான் மறைக்கமாட்டேன். அப்பாவுடைய சைக்கிளைச் சொன்னான். காய்ச்சலில் கிடந்தபோது அவர் கோயில் மணி அடிக்கும்வரை முழங்காலில் நின்றதைச் சொன்னான். தமிழிலேயே ஜெபித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். கடைசி வாக்கியம் வந்தது. இந்த ஜெபத்தை, என்றான். அங்கே நின்றான்.

நான் கண்ணைத் திறந்தேன். ஹாலில் பாதிப் பேர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த சுந்தரும் பார்த்தார், தெரியாத வாரனும் பார்த்தார். என் மகன் வாயில் என்ன வரப்போகிறது, எந்தப் பக்கம் சாயப்போகிறான் என்று, தேர்தல் பெட்டியைத் திறக்கிற இடத்தில் நிற்கிறவர்கள் மாதிரி. என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால்.

"கேட்டருளும் பிதாவே. ஆமென்" என்று முடித்தான்.

சுந்தர் மெதுவாக ஆமென் என்றார். நான் எழுந்து நின்றேன்.

"இயேசு கிறிஸ்துவின் நாமத்தில்" என்று உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

வாரன் "ஏமென்" என்றார், நல்ல கனத்த குரலில். அந்த ஆமென் எனக்குச் சொன்னது இல்லை. சுந்தருக்குச் சொன்னது. ஜெயித்தவன் சொல்லுகிற ஆமென் எனக்கு எதற்கு? ஹெலன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஷரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வின் கண்ணை மூடியபடியே நின்றான். வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் புளிக்காத தட்டை ரொட்டியும். பல்லில் ஒட்டியது.

6

எல்லாரும் போனபிறகு செல்வினை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"ஏம்ல நிறுத்துன? அவங்களுக்குப் பயந்தா?"

"இல்லம்மா. சொல்ல வந்தேன். எனக்கே இப்போ நிச்சயம் இல்ல. நிச்சயம் இல்லாததைக் கடவுள்கிட்டயே சொன்னா அது பொய்தானே?"

"உங்கப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப வராந்தாவுல நின்னு யாரு பேரச் சொல்லி அழுத?"

"அப்ப நம்புனேன்."

"இப்ப?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாரு. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பாக்குத மாதிரி பாரு. கடை அடைச்சிருவான், அதையும் பாத்துக்கோ."

"அம்மா, சின்னப் பிள்ளையில பொய் சொன்னா நீங்கதான சூடு வைப்பேன்னு சொன்னீங்க? இப்ப பொய் சொல்லச் சொல்றீங்க."

கோபம்தான் வந்தது. கிரீன் கார்டு ஆபீசில் என்னை வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்கள். யார் பேரில் என்று அந்த ஆபீசர்கூட என்னைக் கேட்கவில்லை. பெற்ற மகன் வீட்டில்தான் யார் பேரில் ஜெபிக்கிறது என்று கேள்வி வருகிறது.

அந்தக் கூட்டம் இப்போது இரண்டாக உடைந்துவிட்டது. வாரன் பக்கம் ஒரு வீட்டில், சுந்தர் பக்கம் ஒரு வீட்டில். செல்வின் இரண்டுக்கும் போவதில்லை. சனிக்கிழமை பிரிண்ட் எடுத்த காகிதங்களோடு தனியாக உட்கார்ந்திருக்கிறான். சுந்தர் வீட்டுக்காரி கறிவேப்பிலையை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். ஷரனை எந்த இடத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவள் வரப்போவதும் இல்லை.

ஊருக்கு வந்துவிடுங்கள் என்று என் தங்கை போனில் சொல்கிறாள். ஏன் வர வேண்டும்? என் ஆண்டவரை விட்டுவிட்டுப் போனால் இந்த வீட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? நான் நகரமாட்டேன்.

தினமும் சாப்பாடு முடிந்ததும் அடுக்களைத் தரையில் முழங்கால் போடுகிறேன். செல்வின் பாத்திரங்களை மெஷினில் அடுக்கிக்கொண்டிருப்பான். ஓடவிட்டால் அது பெரிய சத்தம் போடும். நான் ஜெபித்து முடிக்கும்வரை அவன் அதை ஓடவிடுவதில்லை. கை கட்டி, தலை குனிந்து, மறுபக்கம் பார்த்து நிற்கிறான். இயேசுவின் நாமத்தில் என்று சொல்லிவிட்டு நான் நிறுத்துகிறேன். அவனுக்கு இடம் விடுகிறேன். பிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு நானே ஆமென் சொல்லி எழுந்திருக்கிறேன். அப்புறம்தான் பொத்தானை அமுக்குகிறான்.

உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கார் பாருங்க அத்தை என்கிறாள் ஹெலன்.

மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு ஆமென் வேண்டும். நாளைக்கும் முழங்கால் போடுவேன், நாளைக்கும் அந்த இடத்தில் நிறுத்துவேன். அவன் நின்று தீரட்டும்.